சவரியின் பிள்ளைக்கு நான் ஞானத்தாய்

சின்னவனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "அம்மா, அந்த வூட்டு கொயந்தய நீ கையில ஏந்தினன்னா, என் கல்யாணத்துல வந்து நிக்காத. அவ்ளோதான். அப்புறம் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். மறுநாள் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை விட்டுப் பேசச் சொன்னாய். பாவம், பிள்ளைச்சாவடியில் பிறந்து வளர்ந்தவள், நம் வீட்டு வழக்கை எங்கே கண்டாள்? "அத்த, அவரு ரொம்ப கோவமா கீறாரு, நீங்கதான் கொஞ்சம் வுட்டுக் குடுக்கணும்" என்று அழாத குறையாகச் சொன்னாள். இன்னும் நம் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காத பெண்ணை இப்படித் தூது அனுப்பாதே. உனக்கும் எனக்கும் இருப்பதை நாமே பேசிக்கொள்வோம். போனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன். உனக்கு அந்தக் குணம் என்னிடமிருந்துதானே வந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பால்வாடி டீச்சராகக் காலம் தள்ளியவள், எழுதுவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. முழுசாகப் படி. பாதியில் கிழித்துப் போடாதே.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிறு சவரியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானத்தாயாக நிற்கிறேன். கோயில் சாமியாரிடம் பெயர் கொடுத்தாகிவிட்டது, மாற்றப்போவதில்லை. அதற்காக உன் கல்யாணம் எனக்குப் பெரிதில்லை என்று எண்ணிவிடாதே. உன் அண்ணன் போய்விட்டான், உன் அப்பாவும் போய்விட்டார். இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது நீ ஒருவன். நீ மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றுதான் சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள், வராதே என்று நீ சொன்ன பிறகும் ஏன் இதைச் செய்கிறாள் என்று உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகும் வராதே என்றால், வராமல் இருந்துகொள்கிறேன்.

சவரி செய்தது தப்பு. இதில் உனக்கும் எனக்கும் எந்தப் பேதமும் இல்லை. கிருமாம்பாக்கத்தில் கூட்டாளி ஒருவனின் ரிசப்ஷனுக்கு உன் அண்ணன் ஸ்டீபனும் அவனுமாகப் போனார்கள். இரண்டு பேரும் குடித்தார்கள். உன் அண்ணனால் நிற்கவே முடியவில்லை. இவன், தான் கொஞ்சமாகத்தானே குடித்தோம் என்ற தைரியத்தில் வண்டியை எடுத்து, கடலூர் ரோட்டில் பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் கொண்டுபோய் மோதினான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் அங்கேயே போய்விட்டான். ஓட்டியவன் ஒரு காலை இழுத்துக்கொண்டு பிழைத்துவிட்டான். புறப்படும்போது வாசலில் நின்று, "டேய் சவரி, பத்திரமா கூட்டிகினு வாடா" என்று நான் அவனிடம்தான் சொல்லி அனுப்பினேன். என் பால்வாடியில் மூக்கொழுக உட்கார்ந்து சத்துமாவு உருண்டை தின்ற பையன். "நான் கீறேன் டீச்சரம்மா, நீங்க போய்ப் படுங்க" என்றான். அந்த வார்த்தையை நான் எத்தனை காலம் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன் தெரியுமா? கேஸ் நடந்தது, ஜெயிலுக்குப் போனான், வந்தான். அதனால் எனக்கு என்ன வந்தது? ஸ்டீபன் வந்தானா?

நீ அவனைக் கல்லறைத் திருநாளன்று எல்லார் முன்னாலும் அறைந்தாய். கையில் ஒரு மெழுகுவர்த்தியோடு, நம் கல்லறைக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தவனை ஓடிப்போய் அறைந்தாய். அவன் கீழே விழுந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் போனான். எனக்கு அன்று உள்ளுக்குள் குளிர்ந்தது. இதை இப்போதுதான் சொல்கிறேன். நீயாவது கையால் அடித்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாகூரில் பஸ் ஏறி, வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய், குளத்தங்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, அவனும் சாக வேண்டும், அவன் ஆத்தாள் என்னைப்போல வயிற்றில் அடித்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாதாவிடம்! தன் பிள்ளையைச் சிலுவையில் பறிகொடுத்தவளிடம் போய், இன்னொருத்தி பிள்ளையைக் கொல்லச் சொல்லி! ஆகவே உன் அம்மா பெரிய மனசுக்காரி, அதனால் மன்னித்துவிட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது வீண். எனக்கு அப்படிப்பட்ட மனசு கிடையாது.

இனி பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். சவரி கட்டியிருப்பது வெளியூர்ப் பெண், அவளுக்கு அந்தப் பக்கம் சொந்தம் என்று யாரும் இல்லை. சவரியின் அம்மா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். பிள்ளை பிறந்து மாதங்கள் ஆகியும் ஞானஸ்நானம் நடக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், கேட்டுக்கு வெளியே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். உள்ளே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. நான் துணி எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரம் அந்த வெயிலில் நின்றானோ.

"இன்னாடா?" என்றேன்.

"கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல டீச்சரம்மா."

"வாயில்லன்னா எதுக்கு வந்த? புள்ளைக்கு வெயில் அடிக்குது பாரு. உள்ள வா."

உள்ளே வந்தும் உட்காரவில்லை. பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்கத் தெருவில் ஒருத்தியும் ஒத்துக்கொள்ளவில்லையாம். உபதேசியார் மனைவி, தையல்காரர் வீட்டுக்காரி, உன் அத்தை என்று எல்லார் வீட்டுப் படியும் ஏறியிருக்கிறான். எவளும் அவனைத் திட்டவில்லை. எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். "டீச்சரம்மா மனசு கஷ்டப்படும்பா. அவங்க முகத்துல எப்டி முழிக்கறது?" சின்னவனே! நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லையே! என் துக்கத்துக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று, என் பெயரைச் சொல்லி, ஒரு பச்சைப்பிள்ளைக்குக் கோயில் கதவை அடைத்துவைத்திருக்கிறார்கள். அந்தக் கதவுக்குக் குறுக்கே நின்றது சவரியும் இல்லை, தெருக்காரர்களும் இல்லை. நான்தான் நின்றிருக்கிறேன், எனக்கே தெரியாமல். வேறு எவள் கையில் ஏந்தினாலும் தெரு முணுமுணுக்கும். நான் ஏந்தினால்தான் அடங்கும். "நான் நிக்கறன் போ" என்று சொல்லிவிட்டேன். அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். பிள்ளைக்கு ஸ்டீபன் என்று பெயர் வைக்கட்டுமா என்று கேட்டான். எனக்கு வந்ததே கோபம். "அந்தப் பேரத் தொடாத. அது ஒருத்தன் பேரு. அவனோட இருக்கட்டும். உன் புள்ளைக்கு உன் புள்ள பேரு வை" என்று விரட்டினேன். அந்தோணி என்று வைக்கிறார்கள்.

அவனை எப்படி வீட்டுக்குள் கூப்பிட்டாய் என்று கேட்பாய். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. ஊரில் அதை வேறு மாதிரி சொல்கிறார்கள். உண்மையை நீ என்னிடம் கேள்.

பெரிய வெள்ளி காலையில் நம் தெருவில் சிலுவைப் பாதை ஊர்வலம் போகும்போது, நின்று ஜெபிக்கிற பதினான்கு நிலைகளில் ஐந்தாம் நிலை நம் வீட்டு வாசலில்தான் என்று உனக்குத் தெரியும். மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபம் வைத்து, சாம்பிராணி போடுவோம். சீமோன் என்கிறவன் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தபோது பிடித்து இழுத்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைத்தார்களே, அந்த நிலை. அதனால் அங்கே மட்டும் மரச்சிலுவையை நம் வீட்டு ஆண்பிள்ளை வாங்கி, ஆறாம் நிலையான தையல்காரர் வீடு வரைக்கும் சுமக்க வேண்டும். உன் தாத்தா சுமந்தார், உன் அப்பா சுமந்தார், தோள் வலி என்று உன் அப்பா சொன்னதும் ஸ்டீபன் வாங்கிக்கொண்டான். அவன் போன பிறகு மறுபடி உன் அப்பாதான் அழுதுகொண்டே சுமந்தார். அவரும் போய், அடுத்து வந்த பெரிய வெள்ளிக்கு நீ வருவாய் என்று எல்லாரும் பார்த்தோம். சவரி இருக்கிற தெருவில் முழங்கால் போட மாட்டேன் என்று நீ தங்கியிருக்கிற அரியாங்குப்பத்திலேயே இருந்துவிட்டாய்.

ஊர்வலம் நம் வாசலுக்கு வந்து நின்றது. உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்தார். உபதேசியாருக்கு வயதாகிவிட்டதல்லவா, வருஷா வருஷம் சொல்லிப் பழகிய வாய், பழைய இடத்துக்கே போய்விட்டது. மைக்கில் சத்தமாக, "அஞ்சாம் நிலை. ஸ்டீபன், வாப்பா, சிலுவைய வாங்கு" என்று கூப்பிட்டுவிட்டார். ஸ்பீக்கரில் என் பிள்ளை பெயர் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பாட்டு நின்றுவிட்டது. அந்த மனுஷன் தான் சொன்னதை உணர்ந்து மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டார். சிலுவையைப் பிடித்திருந்தவர்கள் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து காலை இழுத்துக்கொண்டு சவரி வந்தான். யாரையும் பார்க்காமல் நேராக வந்து சிலுவைக்குக் கீழே தோளைக் கொடுத்தான். உன் மாமா பாய்ந்தான். "டேய்! கைய எட்றா! அத்தத் தொட உனக்கு இன்னாடா யோக்யத கீது?"

நானும் ஓடினேன். எதற்கு ஓடினேன்? பிடுங்குவதற்கு. சத்தியமாக அதற்குத்தான். என் பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் இவன் வந்து நிற்பதா என்று, கண் மண் தெரியாமல் போய் சிலுவையின் பின்கட்டையைப் பிடித்து இழுத்தேன். அது வேப்பமரம், என் பலத்துக்கு அசையவில்லை. நான் தூக்கிக் கொடுக்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டு முன்னால் ஒரு அடி வைத்தான். அவன் நடந்ததும் கட்டையின் பாரம் என் கைக்கு வந்துவிட்டது. விட்டால் அவன் முதுகில் விழும். விடவும் முடியவில்லை, பிடுங்கவும் முடியவில்லை. நடந்தேன். பெண்கள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது. "டீச்சரம்மா, நீங்க வுடுங்க, உங்களுக்கு வெயிட்டு ஆவாது" என்று திரும்பாமலே சொன்னான். "வாய மூடிகினு நடடா" என்றேன். தையல்காரர் வீடு வரைக்கும் போனோம்.

ஈஸ்டர் பிரசங்கத்தில் அப்போதிருந்த சாமியார், பிள்ளையைக் கொன்றவனோடு சேர்ந்து சிலுவை சுமந்த தாய் என்று என்னைத் தூக்கிவைத்துப் பேசினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் பிடுங்கப் போனவள் சாமி என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சவரி எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனேன். தெருப் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள், அதனால்தான் பிள்ளையை ஏந்தப் பயந்தார்கள். ஆனால் அன்றைக்கு என் கையில் ஏறிய பாரம் இறங்கவே இல்லை. சீமோனும் பாவம், தானாகப் போய்த் தூக்கவில்லையே. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். அவனும் என்னைப்போல மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் சுமந்திருப்பான். இருந்தாலும் இயேசுவின் தோளுக்கு அந்த நேரம் பாரம் குறைந்தது உண்மைதானே.

மீட்பு, மீட்பு என்று கோயிலில் நாள் முழுக்கச் சொல்கிறோம். அதைப் பற்றி நான் யோசித்ததெல்லாம் ஸ்டீபன் போன பிறகுதான். இயேசு தன் இரத்தத்தை விலையாகக் கொடுத்து நம்மை மீட்டார் என்பார்கள். யாரிடம் கொடுத்தார்? பிசாசிடமா? அதற்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? பிதாவிடமா? பெற்ற பிள்ளையின் இரத்தத்தை வாங்கிக்கொண்டுதான் மற்றவனை விடுவேன் என்று ஒரு அப்பன் சொல்வானா? பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. இப்போது வந்திருக்கிற இளம் சாமியாரிடம் ஒரு நாள் மடக்கிக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கடையில குடுக்கற விலை இல்லம்மா. நம்மள வுடக்கூடாதுன்னு நெனச்சதுல அவருக்கு என்னென்ன ஆச்சுன்னு சொல்ல வேற வார்த்த கெடைக்கல, அதான் அப்டிச் சொல்றோம்" என்றார். அது என் மனசில் நின்றது.

உனக்கு ஆறேழு வயதிருக்கும். பாகூர் ஏரியில் தண்ணீர் வற்றிய கோடையில், மதகுக்குப் பக்கத்துச் சேற்றில் ஒரு பசு இறங்கி வயிறு வரை புதைந்துவிட்டது. நம் மாடு இல்லை. மடைத் தண்ணீர்ச் சண்டையில் நம்மோடு பேச்சை விட்டிருந்தவர் வீட்டு மாடு. கரையில் நின்று கொம்பில் கயிற்றைப் போட்டு இழுத்தார்கள். அது கழுத்து முறிகிற மாதிரி கத்தியதே தவிர அசையவில்லை. உன் அப்பா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். மார்பு வரைக்கும் சேறு. மாட்டின் அடிவயிற்றில் தோளைக் கொடுத்துக் கீழேயிருந்து தள்ளினார். மாடு ஏறியது, அவர் உள்ளே போனார், பிறகு அவரை இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நீ கரையில் நின்று, "அப்பா நாத்தம், அப்பா நாத்தம்" என்று கைகொட்டிச் சிரித்தாய். சேற்றுக்குள் கிடந்த பாட்டில் சில்லு அவர் காலைக் கிழித்து, மாதக்கணக்கில் புண் ஆறவில்லை. அந்தத் தழும்போடுதான் அவரைக் கல்லறையில் வைத்தோம். யாரும் அவரிடம் எதையும் கேட்டு வாங்கவில்லை. சேற்றில் இறங்கினால் அப்படித்தான் ஆகும். மீட்பு என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். நம் ஆண்டவரும் மூன்றாம் நாள் எழுந்து வந்தபோது கையில் ஆணிக் காயத்தோடுதானே வந்தார்? உயிர்த்த உடம்பில் அதை மறைத்துக்கொள்ள முடியாதா அவருக்கு? மறைக்கவில்லை. ஆகவே சவரியை ஏற்றுக்கொண்டால் ஸ்டீபன் செத்தது இல்லையென்று ஆகிவிடும் என்று நீ பயப்பட வேண்டாம். காயம் காயமாகவே இருக்கும். எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அவன்மேல் தப்பே இல்லை என்று நான் சொன்னால் நீ என்மேல் கோபப்படுவதில் நியாயம் உண்டு. தப்பில்லாதவனுக்கு மீட்பு எதற்கு? தப்பு இருக்கிற இடத்தில்தான் அது தேவைப்படுகிறது. ஒவ்வொரு நிலையிலும் முழங்காலிட்டு, சிலுவையால் உலகத்தை மீட்டீர் என்று சொல்கிறோமே, அந்த உலகத்தில் நான் நம் வீட்டை வைத்திருந்தேன், நம் தெருவை வைத்திருந்தேன், சவரியை மட்டும் வெளியே வைத்திருந்தேன். அவனை வெளியே விட்டால் நானும் உள்ளே இல்லை. வில்லியனூரில் நான் ஏற்றிய மெழுகுவர்த்தியை மாதா மறந்திருப்பாளா?

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ கல்யாணம் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய், இதைச் சுமந்துகொண்டு போகாதே.

அன்று சிலுவையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது என் ஆத்திரம் அடங்காமல் அவனிடம் முணுமுணுத்தேன். "யாரையானா கூப்ட்டிருக்கக் கூடாதாடா பாவி? ஒரு போன் பண்ணியிருந்தா யாரானா வந்திருப்பாங்களே!" யோசிக்காமல் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. "ஸ்டீபன் பண்ணான்மா. சின்னவனுக்கு அட்ச்சிகினே இருந்தான், அவன் கட் பண்ணிகினே..." அப்படியே நிறுத்திவிட்டான். அவன் கழுத்து நரம்பு துடித்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். "இல்லம்மா. ஒளறிட்டேன். வண்டிய எடுத்தது நான்தான். நான்தான். அவனாண்ட எதுவும் கேக்காதீங்கம்மா."

நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அன்று காலையில் பைக்குக்காக நீயும் ஸ்டீபனும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதும், அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நீ சாப்பிடாமல் படுத்ததும் எனக்கு ஞாபகம் இல்லையா? அவன்மேல் இருந்த கோபத்தில் போனை எடுக்காமல் கட் பண்ணிவிட்டாய். அண்ணன்மேல் கோபம் வந்து போனை எடுக்காத தம்பி எந்த வீட்டில் இல்லை? எடுத்திருக்கலாம்தான். நீ போய்க் கூட்டி வந்திருப்பாய், அவன் இன்று இருந்திருப்பான். இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பொய் சொன்னால் உனக்கே தெரியும், அதில் உனக்கு ஆறுதல் கிடைக்காது. சவரியைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு ஏன் அப்படி ஆவேசம் வருகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவனை வெறுப்பதை நிறுத்திவிட்டால், அடுத்து உன் கண்ணுக்கு யார் தெரிவார்கள் என்று உனக்குப் பயம். கோர்ட்டில் கேட்டபோதும் அவன் இதைச் சொல்லவில்லை. கல்லறையில் நீ அறைந்தபோதும் சொல்லவில்லை. இதனால் அவனை நான் புனிதர் ஆக்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டியவன் அவன்தான். ஆனால் உன்னை அவன் காட்டிக்கொடுக்கவில்லை, அது எனக்குப் போதும்.

சின்னவனே, இதை நன்றாகக் கேள். அந்தப் பெரிய வெள்ளியிலிருந்து எனக்கு இது தெரியும். அதற்குப் பிறகு நீ வந்தபோதெல்லாம் நான் உனக்கு மீன் குழம்பு வைத்துப் போடவில்லையா? உனக்குக் காய்ச்சல் என்றதும் அரியாங்குப்பத்துக்கு ஓடி வந்து பக்கத்தில் உட்காரவில்லையா? என் முகத்தில் ஏதாவது மாறியதைக் கண்டாயா? நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நீ கேட்பதற்கு ரொம்ப நாளைக்கு முன்னாலேயே அது முடிந்துபோயிற்று. நான் தெரிந்துகொண்டேதான் உனக்குச் சோறு போட்டேன், தெரிந்துகொண்டேதான் உனக்குப் பெண் பார்த்தேன். ஆண்டவர் நமக்குச் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் வேதம் எனக்குத் தெரியாது.

இவ்வளவும் வியாழக்கிழமை எழுதினேன். தபாலில் போட மனசு வராமல் பீரோவில் வைத்திருந்தேன். இன்று ஞாயிறு. ஞானஸ்நானம் முடிந்து வந்து மறுபடி எழுதுகிறேன்.

பிள்ளை நல்ல கனம். என் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். சாமியார் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பாவ மன்னிப்பை நம்புகிறீர்களா என்று கேட்டார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாயால் ஒப்பித்தது, இன்றைக்கு வரவில்லை. கோயில் முழுக்கக் காத்திருந்தது. சவரி தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு ஸ்டீபன் முகம் வந்தது, அடுத்து உன் முகம் வந்தது. "நம்புகிறேன்" என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பிள்ளை பயந்து அழுதுவிட்டான். தண்ணீர் ஊற்றி முடிந்ததும் உபதேசியார் மனைவி வந்து, "குடுங்க டீச்சரம்மா, நான் கொஞ்சம் வச்சிக்கறேன்" என்று கையை நீட்டினாள். அவளிடமிருந்து தையல்காரர் வீட்டுக்காரி வாங்கினாள், அப்புறம் உன் அத்தை வாங்கினாள். பூசை முடியும் வரை பிள்ளை அவன் அம்மாவிடம் போகவே இல்லை.

பூசையில் எல்லாருக்கும் நன்மை அப்பம் கொடுத்து முடித்த பிறகு, மூன்று ஞாயிறு வாசிக்கிற உன் கல்யாண ஓலையின் முதல் வாசிப்பு. உன் அப்பா பெயரையும் என் பெயரையும் சொல்லி, இவர்களுடைய இளைய மகன் என்று உன் பெயரை வாசித்தார் சாமியார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார். யாரும் அசையவில்லை. வெளியே வரும்போது சவரி என் பின்னாலேயே வந்து, "சின்னவன் கல்யாணத்துக்கு நான் ஜெபம் பண்ணிக்கறேன்னு சொல்லுங்கம்மா" என்றான். நாலு அடி போய்த் திரும்பி வந்து, "வோணாம்மா, சொல்லாதீங்க" என்றான். நான் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு நீ என்னை வராதே என்றாய். நீ சொன்னபடியே இருக்கிறேன். கோயில் வாசலில் வந்து நின்று உன் மானத்தை வாங்க மாட்டேன். அன்றைக்கு வீட்டிலேயே உட்கார்ந்து உங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன். நீ கூப்பிட்டால் மட்டும் வருவேன். கல்யாணத்தன்று காலையில் கூப்பிட்டாலும் சரி, தாலி கட்டி முடித்த பிறகு கூப்பிட்டாலும் சரி, பல வருஷம் கழித்து ஒரு நாள் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து கூப்பிட்டாலும் சரி. போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். நீ எப்போது அடித்தாலும் எடுப்பேன்.

அம்மா